மூன்றாவது கட்டம்



அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றால் தலைப்பு கனமாக இருக்க வேண்டும் என்று ஒரு வழக்கம் இருக்கிறது. ஷேக்ஸ்பியரும் கம்பரும், காலனியமும் கல்வியும் என்று அழைப்பிதழில் ஓர் எண்ணும்மை இருந்தால்தான் கூட்டத்துக்கு ஒரு களை. நான் எடுத்துக்கொண்டிருப்பது அதற்கு நேர் எதிரானது. பள்ளி இலக்கண நோட்டின் கடைசிப் பக்கங்களில் மூன்று கட்டம் போட்ட பட்டியல் ஒன்று இருக்கும். கோ, வென்ட், கான். ஈட், ஏட், ஈட்டன். டேக், டுக், டேக்கன். வகுப்பே சேர்ந்து ராகம் போட்டுச் சொன்ன பட்டியல். அதன் மூன்றாவது கட்டம், அதாவது பாஸ்ட் பார்ட்டிசிபிள் என்று நாம் சொல்லிக்கொடுக்கிற வடிவம்தான் இன்றைய தலைப்பு.

அந்தக் கட்டத்தில் அச்சாகியிருப்பது இயற்கை விதி அல்ல. ஏதோ ஒரு காலத்தில் யாரோ தீர்த்துவைத்த வழக்குகளின் தீர்ப்புகள் அவை. பல வழக்குகள் மேல்முறையீட்டுக்கு இடமில்லாமல் முடிந்துவிட்டன. சில இன்னும் நிலுவையில் இருக்கின்றன. எது முடிந்தது, எது நிலுவை என்று தெரிந்துகொள்ளாமல் விடைத்தாளில் சிவப்பு மையைத் தொடக்கூடாது என்பது என் கட்சி.

முதலில் நம் ஊர் நிலவரம். எந்தப் பேருந்து நிலையத்தில் இறங்கினாலும் எதிரே 'ஸ்போக்கன் இங்கிலீஷ்' பலகை ஒன்று தெரியும். "பையன் எங்கே?" என்றால் "ஸ்போக்கன் கிளாஸ் போயிருக்கான்" என்று அம்மா சொல்வார். இங்கிலீஷ் உதிர்ந்துவிட்டது, பார்ட்டிசிபிள் நின்றுவிட்டது. தமிழ்நாட்டில் மிகுதியாகப் புழங்கும் ஒழுங்கற்ற பார்ட்டிசிபிள் எது என்று கேட்டால் நான் தயங்காமல் இதைத்தான் சொல்வேன். அந்த வகுப்பில் போய் உட்காரும் பையன் முதல் வாரத்திலேயே 'ஐ ஹேவ் ஸ்போக்' என்கிறான். பலகையில் இருப்பதும் தன் வாயில் வர வேண்டியதும் ஒரே சொல் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

இதற்கு ஒரு காரணம் இருக்கிறது. தமிழர்கள் நாள் முழுக்க ஆங்கில வினைகளைச் சொல்கிறோம். ஆனால் முதல் கட்டத்தைத் தாண்டுவதேயில்லை. 'போன் ஃப்ரீஸ் ஆயிடுச்சு', 'நானே டிரைவ் பண்ணினேன்', 'அக்ரிமென்ட்டை பிரேக் பண்ணிட்டாங்க'. ஆங்கில வினை முதல் வடிவத்திலேயே சும்மா நிற்கிறது. காலத்தையும் ஆளையும் எண்ணையும் 'பண்ணு', 'ஆகு' என்ற இரண்டு தமிழ் வினைகள் தலையில் ஏற்றிக்கொள்கின்றன. 'ஃப்ரோஸன்' என்று நாம் சொல்ல வேண்டிய இடம் கடையில் பட்டாணி பாக்கெட் வாங்கும்போதுதான் வருகிறது. எத்தனை ஆங்கிலம் கலந்து பேசினாலும் நம் பிள்ளைகளுக்கு மூன்றாவது கட்டத்தில் பயிற்சி கிடைக்காமல் போவது இதனால்தான். இதைச் சோம்பல் என்று திட்டுவது சரியல்ல.

இரண்டாவது காரணம், அந்த ஒரு வடிவம் பார்க்கும் இரண்டு வேலைகள். 'எழுதியிருக்கிறேன்' என்பதற்கும் 'எழுதப்பட்டது' என்பதற்கும் நமக்கு வேறு வேறு அமைப்பு. ஒன்றில் 'எழுதி' என்ற வினையெச்சம் 'இரு' என்பதோடு சேர்கிறது, மற்றொன்றில் 'படு' வந்து சேர்கிறது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'ரிட்டன்' ஒன்றே. 'ஹேவ்' வந்தால் செய்து முடித்த பொருள், 'பீ' வந்தால் செயப்பாட்டு வினை. இப்படிப் பிரித்துச் சொல்லும்போது ஒரு குறிப்பும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பழைய ஆங்கிலத்தில் வருதல், போதல், எழுதல் போன்ற வினைகளுக்கு 'ஹேவ்' வரவில்லை, 'பீ'தான் வந்தது. 'ஹீ இஸ் கம்' என்றார்கள். நாம் 'வந்திருக்கிறான்' என்று 'இரு'வைச் சேர்ப்பது போல. அந்த வழக்கில் இன்றைக்கு மிஞ்சியிருப்பது 'ஹீ இஸ் கான்'. அதைத் தவறென்று அடிக்கும் ஆசிரியர்களை நான் பார்த்திருக்கிறேன். அது தவறல்ல, பழையது.

சரி, இந்த ஒழுங்கின்மை எங்கிருந்து வந்தது? ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்னால் போனால் இது ஒழுங்கின்மையே அல்ல. ஜெர்மானிய மொழிகளில் வினைகள் இரண்டு வகை. ஒரு வகை தன் உயிரொலியை மாற்றிக் காலம் காட்டும். மற்றது சொல்லின் பின்னே ஒரு 'ட'கரத்தையோ 'த'கரத்தையோ ஒட்டிக் காலம் காட்டும். 1819இல் தன் ஜெர்மன் இலக்கணத்தை வெளியிடத் தொடங்கிய யாகோப் கிரிம் முதல் வகைக்கு வலிய வினை, இரண்டாம் வகைக்கு மெலிய வினை என்று பெயர் வைத்தார். தேவதைக் கதைகளைத் தம்பியோடு சேர்ந்து தொகுத்த அதே கிரிம்தான். இரவல் விகுதியை நம்பாமல் தன் உடம்பை மாற்றியே காலம் காட்டுவதால் அது வலியது. தமிழில் வல்வினை என்றால் தேவாரம் தீர்க்கச் சொல்லும் வல்வினை நினைவுக்கு வரும். இது அது அல்ல, ஆனால் தேர்வறையில் இதுவும் விடாது துரத்தும். 19ஆம் நூற்றாண்டில் தமிழுக்கு இலக்கணம் எழுத வந்த ஆர்டன் பாதிரியார் நம் வினைகளையும் வலியன, இடையன, மெலியன என்றுதான் பிரித்தார். பெயர் ஐரோப்பாவிலிருந்து வந்தது என்பதைத் தவிர அந்தப் பிரிவுக்கும் இதற்கும் உறவு கிடையாது.

பழைய ஆங்கிலத்தில் 'சிங்' என்ற வினைக்கு ஒருவர் பாடினால் ஓர் உயிர், பலர் பாடினால் வேறோர் உயிர்: 'சாங்' என்றால் பாடினான், 'சுங்கோன்' என்றால் பாடினார்கள், மூன்றாவது 'கெசுங்கென்'. அந்த முன்னொட்டு தேய்ந்து மறைந்தது. ஒருமை பன்மை வேறுபாடும் அழிந்தது. இன்றைக்கு 'வாஸ்', 'வேர்' என்ற ஒரே ஒரு இடத்தில்தான் அது உயிரோடு இருக்கிறது. வேறுபாடு அழிந்தபோது ஒவ்வொரு வினைக்கும் இறந்தகாலத்தில் ஓர் உயிர் மிச்சம். எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது? 'சிங்' ஒருமையின் உயிரை வைத்துக்கொண்டு 'சேங், சங்' ஆனது. 'கிளிங்', 'ஸ்பின்', 'ஸ்டிங்' போன்றவை அந்த உயிரை விட்டுவிட்டு 'கிளங், கிளங்', 'ஸ்பன், ஸ்பன்' என்று இரண்டு கட்டத்தையும் ஒன்றாக்கிக்கொண்டன. ஒரே குடும்பத்து வினைகள்தான். பாகப்பிரிவினை மட்டும் வேறு வேறு. 'ஷ்ரிங்க்' இன்னும் இரண்டு பக்கமும் ஆடிக்கொண்டிருக்கிறது. இறந்தகாலத்துக்கு 'ஷ்ராங்க்' என்று இலக்கணம் சொல்ல, 1989இல் வந்த டிஸ்னி படம் 'ஹனி, ஐ ஷ்ரங்க் த கிட்ஸ்' என்று பெயர் வைத்துக்கொண்டு ஓடியது.

மெலிய வகைக்கு ஒரு வசதி உண்டு. யார் புதிதாக வந்தாலும் சேர்த்துக்கொள்ளும். அதனால் வலிய வகையிலிருந்து ஆள் கழன்றுகொண்டே இருந்தது. இன்றைக்கு 'ஈடி' போட்டு எழுதும் ஹெல்ப், வாக், வாஷ், லாஃப், பேக், கிளைம்ப் எல்லாம் ஒரு காலத்து வலிய வினைகள். 'ஹெல்ப்' என்பதன் மூன்றாம் வடிவம் 'ஹோல்பன்'. 1611ஆம் ஆண்டு ஆங்கில பைபிளில் அதைப் பார்க்கலாம். நம் மாணவன் ஒருவன் 'ஹோல்பன்' என்று எழுதினால் சுழித்துவிடுவோம். வேதத்தைச் சுழித்தது நமக்குத் தெரியாது.

ஆனால் ஓட்டம் ஒரே திசையில் இல்லை என்பதுதான் சுவை. எதிர்ப்பக்கமும் போயிருக்கிறார்கள். 'வேர்' என்ற உடுத்தும் வினை பழைய ஆங்கிலத்தில் சாதுவான மெலிய வினை. 'பேர், போர், போர்ன்' என்ற பக்கத்து வீட்டைப் பார்த்து 'வோர், வோர்ன்' ஆகிவிட்டது. 'டிக்' என்பதற்கு 1611 பைபிளில் 'டிக்ட்' என்ற ஒழுங்கான வடிவம், இன்று 'டக்'. 'கேட்ச்' பிரெஞ்சு வழி வந்த சொல். பரம்பரைச் சொத்து எதுவும் இல்லாமலே 'காட்' என்ற வடிவத்தைப் பிடித்துக்கொண்டது. 'ஸ்ட்ரைவ்' கூட அப்படி வந்ததுதான். 'டிரைவ்' போலவே 'ஸ்ட்ரோவ், ஸ்ட்ரிவன்' என்று நடக்கிறது. அமெரிக்காவில் 'டைவ்' வினைக்கு 'டோவ்', 'ஸ்னீக்' வினைக்கு 'ஸ்னக்' என்பவை நம் பாட்டன் காலத்துப் புது வரவுகள். ஒழுங்கற்றவை எல்லாம் பழையவை, ஒழுங்கானவை எல்லாம் புதியவை என்று வகுப்பில் சொல்லிவிடாதீர்கள்.

2007இல் 'நேச்சர்' இதழில் எரெஸ் லீபர்மனும் அவருடைய சகாக்களும் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார்கள். பழைய ஆங்கிலத்தில் ஒழுங்கற்றவையாக இருந்த 177 வினைகளை எடுத்துக்கொண்டார்கள். இடைக்கால ஆங்கிலத்தில் அவற்றில் 145 அப்படியே இருந்தன, இன்றைக்கு 98. எவை பிழைத்தன என்று பார்த்தால், அதிகம் பேசப்படுபவை பிழைத்தன. ஒரு வினை இன்னொன்றைவிட நூறு மடங்கு குறைவாகப் புழங்கினால், பத்து மடங்கு வேகமாக ஒழுங்குக்குள் விழுந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் மிக அதிகம் புழங்கும் முதல் பத்து வினைகளும் ஒழுங்கற்றவையே. இதில் வியப்பு என்ன? நாளுக்கு நூறு முறை காதில் விழும் 'கான்' மறக்காது. ஆண்டுக்கு ஒருமுறை காதில் விழும் வடிவம் மறந்துபோகும். மறந்தவர் கையில் இருக்கும் விதியைப் போட்டுச் சமாளிப்பார். பத்துப் பேர் சமாளித்தால் அதுவே வழக்கு.

தமிழிலும் நிலைமை இதேதான். வா என்பதிலிருந்து வந்தான், போ என்பதிலிருந்து போனான், சொல் சொன்னான், கேள் கேட்டான், நில் நின்றான், காண் கண்டான். ஓயாமல் புழங்கும் வினைகளே இப்படிக் கோணல்மாணலாக நிற்கின்றன. குறிலை அடுத்து டு, று, கு என்று முடியும் பகுதிகள் இரட்டித்து இறந்தகாலம் காட்டும் என்று நம் இலக்கணம் சொல்கிறது. விடு விட்டான், பெறு பெற்றான், புகு புக்கான். முதல் இரண்டும் இன்றும் நம் நாக்கில். மூன்றாவது போய்விட்டது, 'புகுந்தான்' என்கிறோம். 'மிகு' என்பதும் 'மிகுந்தது' ஆகிவிட்டது. ஆனால் மேடையை விட்டு இறங்கும்போது நாம் எல்லோரும் 'மிக்க நன்றி' என்கிறோமே, அந்த 'மிக்க' அதே இரட்டித்த பழைய எச்சம்தான். வினை புது வடிவுக்குப் போய்விட்டது, எச்சம் மட்டும் ஒரு தொடருக்குள் உட்கார்ந்துகொண்டது. 'உருபு தொக்கு நிற்கும்' என்பதில் வரும் 'தொக்கு' இன்னும் பாவம். தொகு என்ற வினையின் எச்சம் அது என்று தெரியாமல் போய், 'தொக்கி நிற்கும்' என்று ஒழுங்குபடுத்தியே விட்டோம்.

ஆங்கிலத்தின் மூன்றாவது கட்டத்திலும் இப்படித் தொடருக்குள் ஒதுங்கியவை ஏராளம். 'மெல்ட்' இன்று 'மெல்டட்'. உலோகத்துக்கும் எரிமலைக் குழம்புக்கும் முன்னால் மட்டும் 'மோல்டன்'. 'ஷேவ்' இன்று 'ஷேவ்ட்'; மழித்த முகத்துக்கு 'கிளீன் ஷேவன்' என்பதும் உண்டு. குடித்தவனைப் பற்றிச் சொல்ல 'டிரங்கன்', மூழ்கிய கப்பலுக்கு 'சங்கன்'. மழையில் ஊறிச் சொதசொதத்த மண்ணுக்கு 'சாடன்' என்கிறார்களே, அது 'சீத்' என்ற கொதிக்கும் வினையின் மூன்றாம் வடிவம். வினைக்கும் எச்சத்துக்கும் இப்போது பேச்சுவார்த்தை கூட இல்லை. வீட்டு வாசலுக்கு 'ராட் அயர்ன்' கேட் போடுகிறோம். கம்பிகளால் ஆனதால் அது 'ராட்' என்று யாராவது நினைத்தால் குற்றம் சொல்ல முடியாது. உண்மையில் அது 'வொர்க்' என்ற வினையின் பழைய வடிவம், கையால் அடித்து உருவாக்கிய இரும்பு.

இனி தீர்ப்பு எழுதியவர்களைப் பார்க்கலாம். தாமஸ் கிரேயின் கல்லறைப் புலம்பலைப் படிக்காமல் இந்த அவையில் யாரும் ஆங்கிலத்தில் பட்டம் வாங்கியிருக்க முடியாது. 1751இல் அது முதன்முதலாக அச்சாகி வந்தபோது முகப்பில் இருந்த தலைப்பு 'ரிட்டன்' அல்ல. 'ஆன் எலிஜி ரோட் இன் எ கன்ட்ரி சர்ச் யார்ட்'. நம் பத்தாம் வகுப்பு மாணவன் அதே 'ரோட்'டை அந்த இடத்தில் போட்டால் அரை மதிப்பெண் போகும். கிரேக்கு இலக்கணம் தெரியாது என்று யாரும் சொல்லமாட்டார்கள். அன்றைக்கு அது வழக்கு. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் இரண்டாம் கட்டம் மூன்றாம் கட்டத்தை விழுங்கிக்கொண்டிருந்தது. 'ஹேவ் ரோட்', 'ஹேவ் டிராங்க்', 'ஹேவ் ஸ்போக்' என்று பெரிய எழுத்தாளர்களே எழுதினார்கள். இன்னும் நூறு ஆண்டு விட்டிருந்தால் ஆங்கிலத்துக்கு மூன்றாவது கட்டமே தேவைப்பட்டிருக்காது. நம் பிள்ளைகள் பிழைத்திருப்பார்கள்.

குறுக்கே வந்தவர் ராபர்ட் லவுத். பாதிரியார், பின்னாளில் லண்டன் பிஷப். 1762இல் வெளிவந்த அவருடைய சிறு இலக்கண நூல் இந்தக் கலப்பைக் கடுமையாகக் கண்டித்தது. மில்டன், டிரைடன், போப் என்று பெயர்களைச் சொல்லியே பிழைகளை அடிக்குறிப்பில் எடுத்துக்காட்டினார். 'ஹேவ் நியூ' என்று கேட்டால் காது கூசுகிறது, 'ஹேவ் ரோட்' என்றால் ஏன் கூசுவதில்லை என்பது அவர் வாதத்தின் சாரம். 1795இல் லிண்ட்லி மர்ரே எழுதிய பள்ளி இலக்கணம் அதை வகுப்பறைகளுக்குக் கொண்டுபோனது. அடுத்த தலைமுறைகளில் கலப்பு பாமரப் பேச்சின் அடையாளம் ஆயிற்று. படித்தவர் எழுத்தில் 'ரிட்டன்' திரும்பி வந்து உட்கார்ந்தது. நாம் 'சரி' என்று சொல்வது பெரும்பாலும் அந்தத் தலைமுறைகளின் முடிவைத்தான்.

'டிராங்க்' விஷயத்தில் இன்னொரு தயக்கமும் வேலை செய்தது. 'டிரங்க்' என்றால் போதையில் இருப்பவன் என்ற நினைப்பு வந்துவிடுவதால், தேநீர் குடித்ததைச் சொல்லும் கண்ணியவான்கள் 'ஹேவ் டிராங்க்' என்றே சொல்லிக்கொண்டார்கள். தீர்ப்பு கடைசியில் 'டிரங்க்' பக்கம் விழுந்தது.

நிலத்தோடு ஒட்டிய பேச்சில் அந்தப் பழைய கலப்பு போகவேயில்லை என்பதற்கு இன்றைய சான்று 'வோக்'. 'வேக்' என்பதன் மூன்றாம் வடிவம் 'வோக்கன்' என்று பட்டியல் சொல்கிறது. அமெரிக்கக் கறுப்பின மக்களின் பேச்சில் 'வோக்' என்பதே மூன்றாம் வடிவம். விழிப்போடு இருப்பவர் என்ற பொருளில் அது உலகம் முழுக்கப் பரவி, 2017இல் ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்குள்ளும் நுழைந்தது. இப்போது அதை வசவாகப் பயன்படுத்துவோர் பலர், அது அரசியல். அந்தச் சொல்லை 'வோக்கன்' என்று திருத்த இன்று எந்தப் பிஷப்பும் துணியமாட்டார் என்பது இலக்கணம்.

இப்போது நான் நீட்டிப் பேச விரும்பும் ஒரே இடத்துக்கு வருகிறேன். பட்டியலிலேயே பிள்ளைகளை அதிகம் தொல்லைப்படுத்தும் ஜோடி 'லை', 'லே'. லை, லே, லெய்ன் என்று ஒன்று. லே, லெய்ட், லெய்ட் என்று ஒன்று. போதாததற்குப் பொய் சொல்லும் 'லை' ஒன்று, அது ஒழுங்கானது. ஒன்றின் இரண்டாம் கட்டம் மற்றொன்றின் முதல் கட்டம். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே இதில் தடுமாறுகிறார்கள். அவர்கள் தடுமாறுவது நியாயம். நமக்குத் தடுமாற வேண்டிய அவசியமே இல்லை.

பாயில் குழந்தை கிடந்தது. குழந்தையைப் பாயில் கிடத்தினாள். முதலாவது தன்வினை, இரண்டாவது பிறவினை. கிட, கிடத்து. இதுதான் 'லை', 'லே'. தானே கிடப்பது 'லை', ஒன்றைக் கிடத்துவது 'லே'. ஜெர்மானிய மொழிகளுக்கும் ஒரு காலத்தில் தன்வினையிலிருந்து பிறவினை ஆக்கும் முறை இருந்தது. உயிரை மாற்றி ஒரு விகுதியை ஒட்டினால் பிறவினை. விகுதி தேய்ந்துபோய், மாறிய உயிர் மட்டும் எலும்பாகக் கிடக்கிறது. அப்படிப் பார்த்தால் 'சிட்', 'செட்' என்பவை இரு, இருத்து. 'ஃபால்', 'ஃபெல்' என்பவை விழு, வீழ்த்து. மரத்தை வெட்டி வீழ்த்துவதற்குத்தான் 'ஃபெல்' என்கிறார்கள். 'ரைஸ்', 'ரெய்ஸ்' என்பவை எழு, எழுப்பு. 'டிரென்ச்' என்றால் இன்று நனைத்தல். தொடக்கத்தில் அது 'டிரிங்க்' என்பதன் பிறவினை, அதாவது பருகச் செய்தல்.

இதிலிருந்து மூன்றாவது கட்டத்துக்கு நேரடியாக ஒரு பாதை கிடைக்கிறது. தன்வினைகள் வலியவை, பிறவினைகள் மெலியவை. ரைஸ், ரோஸ், ரிஸன். ஆனால் ரெய்ஸ், ரெய்ஸ்ட், ரெய்ஸ்ட். ஃபால், ஃபெல், ஃபாலன். ஆனால் ஃபெல், ஃபெல்ட், ஃபெல்ட். லை, லே, லெய்ன். ஆனால் லே, லெய்ட், லெய்ட். பிறவினை என்று தெரிந்தால் கண்ணை மூடிக்கொண்டு 'ட'கரத்தில் முடிக்கலாம். செயப்படுபொருள் இருக்கிறதா என்று கேட்டு ஏழாம் வகுப்புத் தமிழாசிரியர் சொல்லிக்கொடுத்த அதே சோதனையை ஆங்கில வகுப்பில் செய்தால் போதும். ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணப் புத்தகத்தில் வலிய வினைப் பட்டியலும் மெலிய வினைப் பட்டியலும் தனித்தனியே உண்டு. ஆனால் ஆங்கிலேயர் எழுதிய அந்தப் புத்தகத்துக்குக் 'கிட, கிடத்து' தெரிந்திருக்க வழியில்லை.  நமக்குத் தெரியும், நாம் சொல்வதில்லை. ஆங்கில வகுப்பில் தமிழ் பேசினால் தரம் குறையும் என்று ஒரு பயம்.

மாறாமல் நிற்கும் வினைகளைச் சீக்கிரம் முடித்துவிடலாம். கட், புட், ஹிட், செட், ஷட், காஸ்ட், ஹர்ட், ஸ்ப்ரெட். இவற்றின் கடைசியில் ஏற்கெனவே 'ட'கர ஒலி இருக்கிறது. விகுதியின் 'ட'கரம் அதோடு கலந்து கரைந்துவிட்டது. அவ்வளவுதான். சினிமாச் செய்திகளில் நாயகியை 'காஸ்டட்' என்று எழுதுகிறார்கள். அது 'காஸ்ட்' என்றே இருக்க வேண்டும். 'ஃபோர்காஸ்டட்' என்பதை அகராதிகள் ஏற்றுக்கொண்டுவிட்டன. திட்டத்துக்கு எவ்வளவு செலவாகும் என்று மதிப்பிடுவதைச் சொன்னால் 'காஸ்டட்' சரி. அது விலை என்ற வேறு 'காஸ்ட்'. பார்த்துத் திருத்துங்கள்.

விடைத்தாள்களில் மட்டுமல்ல, விழா மலர்களிலும் அடிக்கடி கண்ணில் படும் பிழை ஒன்று: 'த காலேஜ் வாஸ் ஃபவுண்ட் இன்' என்று தொடங்கி ஆண்டைப் போடுவது. 'ஃபைண்ட்' என்பதன் மூன்றாம் வடிவம் அது. கல்லூரியை யாரோ புதரில் கண்டெடுத்ததாகப் பொருள். நிறுவுதல் என்ற 'ஃபவுண்ட்' லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்த வேறு வினை. அது ஒழுங்கானது, 'ஃபவுண்டட்' என்று முடியும். இது முடிந்துபோன வழக்கு. கருணை காட்ட வேண்டாம்.

தூக்கிலிடுவதற்கு 'ஹேங்ட்', சட்டையையோ படத்தையோ மாட்டுவதற்கு 'ஹங்'. இரண்டு பழைய வினைகள், ஒன்று வலியது, ஒன்று மெலியது, கலந்து ஒன்றானதின் தழும்பு இது. பொது வழக்கில் 'ஹங்' வென்றுவிட்டது. சட்டத்தின் மொழி மாறத் தயங்கும் என்பதால் நீதிமன்றத்தில் பழைய 'ஹேங்ட்' தங்கிவிட்டது. நம் நாட்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 1973இன் 354ஆம் பிரிவில் மரண தண்டனை பற்றிய உட்பிரிவிலும் அந்த வடிவமே இருந்தது. பெரும்பான்மை இல்லாத சட்டமன்றம் 'ஹங்'. தொங்கு சட்டமன்றம் என்று நாளிதழ்களும் அப்படியே எடுத்துக்கொண்டன. 'சிஸ்டம் ஹேங்ட்' என்று அலுவலகத்திலிருந்து மின்னஞ்சல் வந்தால் கணினிக்காக ஒரு நிமிடம் வருந்தலாம்.

பிறத்தலுக்கும் சுமத்தலுக்கும் ஒரே 'பேர்' வினைதான். எழுத்தில் மட்டும் பிரித்துவைத்திருக்கிறார்கள். பிறந்தான் என்றால் கடைசியில் 'ஈ' இல்லாத 'போர்ன்'. சுமந்தாள், பெற்றாள், தாங்கினான், கொசுவால் பரவியது என்றால் 'ஈ' உள்ள 'போர்ன்'. ஒலியில் வேறுபாடு இல்லாததைப் பேச்சுத் தேர்வில் கேட்காதீர்கள்; நான் கேட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நிலுவை வழக்குகளுக்கு வருவோம். இப்போது பிள்ளைகள் அமெரிக்கத் தொடர்கள் பார்க்கிறார்கள். விடைத்தாளில் 'காட்டன்' வருகிறது. பருத்தி இல்லை, 'கெட்' என்பதன் மூன்றாம் வடிவம். அது அமெரிக்கக் கண்டுபிடிப்பு என்று இங்கே பலர் நினைக்கிறார்கள். 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் புழங்கிய வடிவம் அது. கப்பல் ஏறிப் போனவர்கள் விடாமல் வைத்துக்கொண்டார்கள், வீட்டில் இருந்தவர்கள் தொலைத்துவிட்டார்கள். 'ஃபர்காட்டன்' மட்டும் அவர்களிடமும் மிஞ்சியது. அமெரிக்கர்கள் அதை நுட்பமாகவே பயன்படுத்துகிறார்கள்: கைவசம் இருப்பதற்கு 'ஹேவ் காட்', புதிதாகக் கிடைத்ததற்கும் ஆனதற்கும் 'ஹேவ் காட்டன்'. நம் பாடத்திட்டம் பிரிட்டிஷ் வழக்கைப் பின்பற்றுவதால் 'காட்' என்று சொல்லிக்கொடுங்கள். ஆனால் 'காட்டன்' எழுதியவனுக்கு மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள். ஒரே கட்டுரையில் இரண்டையும் கலந்தால் மட்டும் அடிக்கோடு போதும்.

'ப்ரூவ்ட்', 'ப்ரூவன்' இரண்டும் சரி. 'ப்ரூவன்' ஸ்காட்லாந்து நீதிமன்றங்கள் வழியே பரவியது. குற்றவாளி என்றும் சொல்லாமல் நிரபராதி என்றும் சொல்லாமல் 'நாட் ப்ரூவன்' என்று ஒரு மூன்றாவது தீர்ப்பு அங்கே இருந்தது. 'லேர்ன்ட்', 'லேர்ண்ட்' இரண்டும் சரி. வழக்கறிஞர்கள் ஒருவரையொருவர் 'லேர்னெட் ஃப்ரெண்ட்' என்று விளிக்கும்போது மட்டும் இரண்டு அசை வேண்டும். தைப்பதற்கு 'சோட்', 'சோன்', காட்டுவதற்கு 'ஷோட்', 'ஷோன்' எல்லாம் அகராதியில் உண்டு. இவற்றில் ஒன்றை விடைக்குறிப்பில் போட்டு மற்றதைத் தவறு என்று அடிப்பது ஆசிரியர் செய்யும் பிழை. மாணவன் செய்தது அல்ல.

முடிந்த வழக்குகளில் தயவு வேண்டாம் என்றும் சொல்லிவிடுகிறேன். 'ஹேஸ் வென்ட்', 'ஹேவ் ஏட்', 'வாஸ் ஸ்டோல்', 'டிட் நாட் கேம்' போன்றவை நம் பிள்ளைகளை நேர்காணலில் வீட்டுக்கு அனுப்பும். மொழியியலில் எல்லா வழக்கும் சமம் என்று நான் இங்கே பேசலாம். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் மொழியியல் படித்தவர் அல்லர்.

கற்பிக்கும் முறை பற்றி ஒரு வார்த்தை. 1958இல் ஜீன் பெர்க்கோ என்ற அமெரிக்க ஆய்வாளர் குழந்தைகளிடம் இல்லாத சொற்களைக் கொடுத்து இறந்தகாலம் கேட்டார். 'கிளிங்' போல அவரே உருவாக்கிய ஒரு வினைக்குப் பெரும்பாலான குழந்தைகள் 'ஈடி' போட்டார்கள். பெரியவர்கள் பலர் 'சிங்' குடும்பத்தைப் போல உயிரை மாற்றினார்கள். அதாவது வலிய வினைகள் தனித்தனிச் சொற்களாக மட்டும் மனத்தில் இல்லை, குடும்பங்களாகவும் இருக்கின்றன; அந்தக் குடும்பம் நிறையக் கேட்ட பிறகுதான் உருவாகிறது. நம் பட்டியல் அகரவரிசையில் இருக்கிறது. 'அபைட்', 'அரைஸ்', 'அவேக்' என்று வாழ்நாளில் ஒருமுறை வரும் சொற்களில் தொடங்குகிறது. பிள்ளை களைத்துப்போய் 'கோ'வுக்கு வருகிறான், 'டேக்', 'ரைட்' வரும்போது மணி அடித்துவிடும்.

அகரவரிசையைக் கலையுங்கள். முதல் வாரம் பீ, ஹேவ், டூ, கோ, சே, சீ, டேக், கெட் ஆகியவை மட்டும். அதுவும் பட்டியலாக அல்ல, 'ஹேஸ்' போட்ட வாக்கியமும் 'வாஸ்' போட்ட வாக்கியமுமாக. அடுத்து எழுதும் ரைட், டிரைவ், சவாரி செய்யும் ரைட், ரைஸ் ஒரு குடும்பம். சிங், ரிங், ஸ்விம், பிகின், டிரிங்க் ஒரு குடும்பம். ஸ்பீக், பிரேக், ஸ்டீல், வேக் ஒரு குடும்பம். அங்கே வாசல் பலகையைக் கையால் காட்டி 'ஸ்போக்கன்' என்று தொடங்கலாம். பிறகு தன்வினை பிறவினை ஜோடிகள். கடைசியில் 'ஸ்லே, ஸ்லூ, ஸ்லெய்ன்', 'கிளீவ், கிளோவ், கிளோவன்' மாதிரியான அருங்காட்சியகப் பொருள்கள். அவற்றைப் படிக்கும்போது அடையாளம் கண்டுகொண்டால் போதும், எழுதச் சொல்ல வேண்டாம். 2007 ஆய்வுக்காரர்கள் அடுத்து ஒழுங்குக்குள் போகும் என்று கணித்த வினை திருமணம் என்ற 'வெட்'. அதையும் அந்தக் கடைசி வரிசையிலேயே போட்டுவைக்கலாம். நாளிதழ்த் தலைப்புகளில் அது இன்னும் மாறாமல் வருகிறது, 'வெட்டட்' என்றும் எழுதுகிறார்கள். எந்தப் பக்கம் எழுதினாலும் முழு மதிப்பெண் கொடுங்கள்.